நீலப் பெயிண்ட் அடித்த பழைய வைஸ்: 11,500 ரூபாய் போச்சு

பட்டறையில் வேலைப் பொருளை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைஸ், அதிலும் ரெக்கார்டு பிராண்ட் பழைய வைஸ் வாங்க யாராவது அட்வான்ஸ் அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். நான் கொடுத்தது 11,500 ரூபாய். லாரி வாடகை தனி. வந்து இறங்கியதோ, பின்தாடை விரிசல் விட்டு, பித்தளை ஊற்றி ஒட்டி, பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பளபளவென்று நீலம் அடித்த இரும்புக் கட்டி.

"புது வைஸ் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்குமே, பழசு எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் தொழில் பழகிய பட்டறையில் ஒரு மூன்றாம் நம்பர் ரெக்கார்டு இருந்தது. நான்கு அங்குலத் தாடை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாம்ப்டன் கம்பெனி வார்த்தது. கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளினால் வழுக்கிக்கொண்டு சுற்றும். இறுக்கிவிட்டால் பிடித்த பொருள் அசையாது. அதில் கை பழகியவனுக்கு, இப்போது கடையில் விற்கும் மெல்லிய வார்ப்பு வைஸ்கள் மேல் மனம் போகாது. துவாக்குடிப் பக்கம் நான் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்ட நாளிலிருந்தே அந்த மூன்றாம் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை, இப்போதைக்கு. ஆள் கோயம்புத்தூர் பக்கம். பேச்சு அவ்வளவு தன்மை. "அண்ணா, மில்லு மூடுனப்ப ஏலத்துல எடுத்ததுங்க. ஒரு கீறல் இருந்தாக்கூடத் திருப்பி அனுப்புங்க, பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துரும்" என்றான்.

நான் சும்மா நம்பவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன். முழுக்கத் திறந்து மூடிக் காட்டச் சொன்னேன், காட்டினான். வார்ப்பிலேயே மேடாக நிற்கும் எழுத்துகளைக் கிட்டத்தில் காட்டச் சொன்னேன், காட்டினான். சுத்தியால் தட்டச் சொன்னேன். விரிசல் விட்ட வார்ப்பு என்றால் சத்தம் செத்துப்போய் 'டொக்'கென்று வரும், எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். அவன் தட்டினான், கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் 3,500 அட்வான்ஸ் போட்டேன். லாரி ரசீது படம் வந்ததும் மீதி 8,000 போட்டேன். பொருள் வந்தபிறகு அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தால், தடவைக்குத் தடவை முன்தாடையில் மட்டுமே தட்டியிருக்கிறான். முன்தாடை தனி வார்ப்பு. அது நல்லாத்தான் இருக்கிறது. பின்னால் சுத்தி போகவே இல்லை. கேட்டது ஒன்று, காட்டியது வேறொன்று. இதற்குப் பெயர் வியாபாரமா?

சாக்கைப் பிரித்தபோதே பெயிண்ட் வாசனை தூக்கியது. பெஞ்சில் போல்ட் போட்டு உட்காரவைத்து, ஒரு அங்குலச் சதுரக் கம்பியைப் பிடித்து இறுக்கினேன். பெரிய பலம்கூடக் கொடுக்கவில்லை. 'டக்'. பின்தாடைக்குக் கீழே, கழுத்து மாதிரி ஒடுங்கும் இடத்தில், நீலத்தில் மயிரிழைக் கோடு ஒன்று ஓடியது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். நீலம் உரிந்தது, அடியில் சாம்பல் பிரைமர், அதற்கும் அடியில் பொடிப்பொடியாக உதிரும் பட்டி. கார் டிங்கரிங்கில் வைப்பார்களே, அதே பட்டி. கடைசியில் மஞ்சளாகப் பித்தளை, கோணல்மாணலாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பித்தளை ஒட்டு பாவம் ஒன்றுமில்லை. வார்ப்பிரும்பை அப்படி ஒட்டுவது காலங்காலமாக நடப்பதுதான். சொல்லிவிட்டு, அதற்குத் தக்க விலைக்குக் கொடுத்திருந்தால் நானே வாங்கி இலகுவான வேலைக்கு வைத்திருப்பேன். மறைத்து 11,500-க்கு விற்றதுதான் அயோக்கியத்தனம்.

தாடை முகத்தில் மாட்டும் தகடுகள், ஜா பிளேட்டுகள், அவையும் அவன் செய்து மாட்டியவை. அசல் பிளேட் கடினப்படுத்திய எஃகு, அரம் வைத்தால் வழுக்கும். இதில் அரம் வெண்ணெய் எடுக்கிறது.

உடனே போன் போட்டேன். பணம் வாங்கும் வரை 'அண்ணா', அன்றைக்கு 'சார்'. "சார், பழைய சாமான்னா முன்னப்பின்ன இருக்கும்." கீறல் இருந்தால் திருப்பித் தருவதாகச் சொன்னாயே என்றால், "லாரியில போட்டு ஒடச்சிருப்பாங்க சார், அதுக்கு நான் என்ன பண்றது?" சரி, லாரிக்காரன் உடைத்தான். அவனேதான் பித்தளை ஊற்றி, பட்டி வைத்து, பெயிண்டும் அடித்தானா? படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் வேறு நம்பரிலிருந்து பேசினால், "பாஸ், வேற வேலை இல்லையா?" அதோடு அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டான்.

செயலிக்காரர்கள் அதற்கும் மேல். புகார் கொடுத்தால் ஒரு தானியங்கி 'உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்' என்கிறது. போராடி மனிதர் ஒருவரைப் பிடித்தால், பணம் செயலிக்கு வெளியே போயிருக்கிறது, நாங்கள் இருவரையும் சேர்த்துவைப்பவர்கள் மட்டுமே என்கிறார். அந்த விளம்பரத்துக்கு மேல் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை முத்திரை குத்தியது யார்? அதற்குப் பதில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். என் 11,500 ரூபாய் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

வைஸ் பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. புதுப் பெயிண்ட் அடித்த பழைய வைஸைத் தொடாதீர்கள், துருவோடு இருப்பதே மேல். ஒரு காந்தம் எடுத்துப் போய் பின்தாடைக் கழுத்தைச் சுற்றி ஓட்டுங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். பின்பாகத்தைத் தனியாகத் தட்டுங்கள். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது அரைச் சுற்றுக்கு மேல் சும்மா ஓடினால் உள்ளே நட்டில் மரை தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மில் ஏலம் என்றால் ஏல ரசீது கேளுங்கள்.

இதை எழுதும்போதே செயலியைத் திறந்து பார்த்தேன். வேறு பெயர், வேறு நம்பர், ஆனால் என் வைஸ் விளம்பரப் படத்தில் இருந்த அதே பச்சைத் தார்ப்பாய் மேல் இன்னொரு நீல வைஸ். ஐந்தாம் நம்பராம், 14,000 ரூபாயாம். கோயம்புத்தூரில் இருப்பவர்கள் யாராவது வாங்குகிற மாதிரி நேரில் போய், பின்னால் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.