நியூயார்க்கா சிக்காகோவா டிசியா: அப்பா அம்மாவைக் கூட்டிட்டுச் சுத்துனதுல என் ரிவ்யூ

எங்க செட்ல வருஷா வருஷம் கோடைல வர்ற சண்டை இது. யார் வீட்டுக்காவது ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சா போதும், அடுத்த பாட்லக்ல, அதான் ஆளுக்கு ஒரு ஐட்டம் சமைச்சுக் கொண்டு வந்து சேந்து சாப்பிடுற விருந்துல, சாம்பார் சட்டி திறக்குறதுக்கு முன்னாடியே அமெரிக்கால சுத்திப்பாக்க எந்த ஊரு பெஸ்ட்னு ஆரம்பிச்சுடுவானுங்க. ஒருத்தன் நியூயார்க் பாக்காம அமெரிக்கா பாத்தேன்னு எப்படிடா சொல்றதும்பான், இன்னொருத்தன் சிக்காகோல நாலு வருஷம் படிச்சவன், அவன் முன்னாடி வேற ஊர் பேரை எடுத்தாலே முகம் சுருங்கிடும். நான் எப்பவும் நடுவுல உக்காந்து தயிர் சாதம் சாப்பிடுற ஆளு. இந்தத் தடவை எங்க அப்பா அம்மா திருச்சிலேர்ந்து வந்து அஞ்சு மாசம் இருந்ததுல மூணு ஊருக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன், அதனால இப்ப எனக்கும் பேச வாய் இருக்கு.

முதல்லயே சொல்லிடுறேன், என் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி. அப்பாவுக்கு 71 வயசு, தபால் துறைல ரிட்டயர் ஆனவரு. அம்மாவுக்கு முட்டி வலி. அதனால இன்ஸ்டால போட்டோ எப்படி வரும்னுலாம் நான் பாக்கல. உக்கார பெஞ்ச் இருக்கா, காபி வாங்குனாதான் பாத்ரூம்னு சொல்லாம இருக்காங்களா, உள்ள போக தலைக்கு எவ்வளவு, இதான் என் பரீட்சை. மூணாவதுல அம்மா ரொம்ப கறார், எந்த டிக்கெட்டைப் பாத்தாலும் மனசுக்குள்ளயே ரூபாய்க்கு மாத்திடுவாங்க.

நியூயார்க் எங்களுக்குப் பக்கம், ட்ரெயின்ல போயிட்டு ராத்திரி வந்துடலாம். எம்பயர் ஸ்டேட்டுக்குக் கீழ நின்னுட்டு, 1931ல கட்டுனது, 102 மாடின்னு நான் பெருமையா சொல்ல, டிக்கெட் எவ்வளவுன்னாங்க அம்மா. 40 டாலருக்கு மேலன்னேன். மூணு பேருக்கு பத்தாயிரம் ரூபாயான்னு கேட்டுட்டு, "மலைக்கோட்டை உச்சில ஏறுனா இதே காத்துதான்டா வரப்போகுது"ன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. சப்வேன்னு சொல்ற பாதாள ரயில் இன்னொரு கொடுமை. 1904லேர்ந்து ஓடுற சிஸ்டம், பாதி ஸ்டேஷனுக்கு மேல லிஃப்டே கிடையாது, முட்டி வலிக்காரங்களைக் கூட்டிட்டுப் போனா ஒவ்வொரு படிக்கும் திட்டு வாங்கணும். டைம்ஸ் ஸ்கொயர்ல பொம்மை வேஷம் போட்ட ஒரு ஆளு அப்பா தோள்ல கைய போட்டு போட்டோவுக்கு நின்னுட்டு 20 டாலர் கேட்டான், அப்பா அவனுக்கு கும்பிடு போட்டுட்டு வந்துட்டாரு.

ஆனா நியாயமா சொல்லணும்னா ரெண்டு விஷயத்துல நியூயார்க்கை அடிச்சுக்க முடியாது. ஒண்ணு ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி, 1997லேர்ந்து ஃப்ரீ, சுமார் 25 நிமிஷம் ஜம்முன்னு உக்காந்துட்டுப் போகலாம், சுதந்திர தேவி சிலை பக்கவாட்டுல கடந்து போகும், காசு குடுத்து தீவுக்குப் போற போட்ல நிக்கிற க்யூவை நினைச்சா இது சொர்க்கம். ரெண்டாவது ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். 1977ல கும்பாபிஷேகம் ஆன கோயில், கீழ கேன்டீன்ல தோசை. அம்மா அமெரிக்கா வந்து முதல் தடவையா "இது பரவால்ல"ன்னு சொன்ன எடம் அதான். கடவுள் தரிசனத்துக்கா தோசைக்கான்னு நான் கேக்கல.

சிக்காகோ வேற ரகம். நாலு நாள் போனோம். ஏரிக்கரைல நின்னு அம்மா, கடல் மாதிரியே இருக்கு, உப்பு வாசனைதான் இல்லன்னாங்க, அது சரியான விமர்சனம். மில்லேனியம் பார்க், அனிஷ் கபூர் பண்ண அந்த அவரை விதை மாதிரி பளபள சிற்பம், லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை எல்லாம் ஃப்ரீ. வில்லிஸ் டவரை வெளியிலேர்ந்து காட்டி, 1973ல கட்டி முடிச்சது, 1451 அடி, இதுக்கு ஸ்ட்ரக்சர் யோசிச்சவரு டாக்காவுல பொறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்னு சொன்னேன். குழாய் குழாயா சேத்துக் கட்டுன மாதிரி டிசைன், காத்துக்கு எல்லாக் குழாயும் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும். அப்பா கழுத்தை வளைச்சு வளைச்சு பாத்துட்டு "நம்ம பக்கத்து ஆளா"ன்னாரு, அந்த நேரத்துக்கு டாக்கா நம்ம பக்கத்து ஊரு ஆயிடுச்சு. ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கும் போனோம், 1893ல விவேகானந்தர் பேசுன சர்வமத மாநாடு நடந்த கட்டடம் அதான். அவரை அனுப்பி வைக்க உதவுனவங்கள்ல நம்ம ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் உண்டு, அதைச் சொன்னதும் அப்பா வாசல்ல செருப்பைக் கழட்டலாமான்னு யோசிச்ச மாதிரி நின்னாரு.

ஆத்துல போட் டூர் போயி ரெண்டு பக்கமும் இருக்குற கட்டடங்களைப் பத்தி கைடு சொல்றதைக் கேக்குறது நிஜமாவே அருமை. இந்த ஆறே முன்னாடி ஏரிக்குள்ள ஓடிட்டு இருந்துச்சாம், குடிக்கிற தண்ணில சாக்கடை கலக்குதுன்னு 1900ல கால்வாய் வெட்டி ஆத்தைத் திருப்பி ஓட விட்டிருக்காங்க. ஆனா தலைக்கு 50 டாலரைத் தாண்டிடுது, நாங்க ஏறுன போட்ல பாதி வழில மழை வந்து மேல்தளத்துல இருந்தவங்க எல்லாம் தொப்பலா நனைஞ்சோம், ரீஃபண்ட் கேட்டதுக்கு ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க. மே மாசத்துல அந்தக் காத்து வேற. டீப் டிஷ் பீட்சா வர முக்கால் மணி நேரம் ஆச்சு, அம்மா ஓரத்தை மட்டும் ரஸ்க் மாதிரி பிச்சுத் தின்னுட்டு மீதியை டப்பால போடச் சொல்லிட்டாங்க. மொத்தத்துல சிக்காகோக்காரன் சண்டை போடுறதுல நியாயம் இருக்கு, ஆனா ரெண்டாவது எடம்தான்.

இப்ப வாஷிங்டன் டிசி. பாட்லக்ல யாரும் இதுக்கு ஓட்டு போட்டதில்ல, ஸ்கூல் பசங்க எக்ஸ்கர்ஷன் போற ஊருன்னு ஒரு இளக்காரம். வண்டில நாலு மணி நேரம் ஓட்டிட்டுப் போயி மூணு நாள் இருந்தோம். மூணு நாள்லயும் உள்ள போறதுக்குன்னு டிக்கெட் வாங்க பர்ஸைத் தொடல. ஸ்மித்சோனியன் மியூசியம் அங்க இருக்குற எல்லாமே ஃப்ரீ. இந்த ஸ்மித்சன் யாருன்னா இங்கிலாந்து விஞ்ஞானி, வாழ்நாள்ல ஒரு தடவை கூட அமெரிக்கா வந்ததில்ல, சொத்தை மட்டும் அறிவு வளர்க்க வச்சுக்கோங்கன்னு இந்த நாட்டுக்கு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, 1846ல அதை வச்சு ஆரம்பிச்சதுதான் இவ்வளவும். பச்சத்தண்ணி கூட காசு குடுத்து வாங்குற நாட்டுல இப்படி ஒண்ணான்னு அம்மாவுக்கு நம்பிக்கையே வரல, வெளிய போகும்போது கேப்பாங்களோன்னு முதல் நாள் பூரா பர்ஸை இறுக்கிப் பிடிச்சிட்டே சுத்துனாங்க.

உக்கார எடம், பாத்ரூம், லிஃப்ட், ஏசி எல்லாத்துலயும் ஃபுல் மார்க். நேஷனல் மால்னு சொல்றது கடை வச்ச மால் இல்ல, நீளமான புல்வெளி, ரெண்டு பக்கமும் மியூசியம். கட்டட உயரத்துக்கு 1910லயே சட்டம் போட்டுட்டதால எங்க நின்னாலும் வானம் தெரியும். நடுவுல 555 அடிக்கு வாஷிங்டன் ஸ்தூபி. அதுல கிட்டத்தட்ட 150 அடிக்கு மேல கல்லு நிறம் மாறியிருக்கும் பாருங்க, காசு தீந்து வேலை நின்னு, நடுவுல உள்நாட்டுப் போர் வேற வந்து, இருபது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வேற குவாரி கல்லை வச்சு முடிச்சிருக்காங்க. அப்பா அதைப் பாத்துட்டு, பட்ஜெட் பத்தாம நிக்கிறது இங்கயும் உண்டான்னு ரொம்ப திருப்தியா சிரிச்சாரு.

ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துல 1903ல ரைட் பிரதர்ஸ் பறந்த அதே விமானமும், நிலாவுக்குப் போன அப்பல்லோ 11 ஆளுங்க திரும்பி வந்த கொலம்பியா கூண்டும் ஒரே கட்டடத்துல. அந்தக் கூண்டுக்குள்ள மூணு பேரு எப்படி உக்காந்திருப்பாங்கன்னு ஷேர் ஆட்டோல வளந்த எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

எங்க மூணு பேருக்கும் மறக்காத எடம் ஆசிய கலை மியூசியம், ஃப்ரீர் கேலரி. அங்க ஒரு சோழர் காலத்து செப்புத் திருமேனி, செம்பியன் மாதேவியைப் பார்வதி கோலத்துல வார்த்ததுன்னு சொல்றாங்க, பத்தாம் நூற்றாண்டு. ராஜராஜனுக்குப் பெரிய பாட்டி முறை, செங்கல் கோயிலை எல்லாம் கல்லு கோயிலா மாத்திக் கட்டுன அம்மா. இடுப்பு ஒடிச்சு நிக்கிற அந்த நிலையைப் பாத்ததும் அம்மா கை தானா குவிஞ்சிடுச்சு. அப்புறம் மெதுவா, "எண்ணெய் காப்பு இல்ல, ஒரு முழம் பூ இல்ல, இப்படி விளக்கு வெளிச்சத்துல நிறுத்தி வச்சிருக்காங்களே"ன்னாங்க. 1929ல மியூசியம் வாங்குனது அது. நாகப்பட்டினம் பக்கம் செம்பியன்மகாதேவின்னே ஒரு ஊரு இருக்கு, அந்த ஊரு கோயில் சிலைதான் இதுன்னு நம்ம சிலை கடத்தல் தடுப்பு போலீஸ் சொல்லுது. பாதுகாப்பா இருக்குன்னு அப்பா, பசியோட இருக்குன்னு அம்மா, ஹோட்டல் போற வரைக்கும் ரெண்டு பேரும் வாதம் பண்ணிட்டே வந்தாங்க. ஃப்ரீ டிக்கெட்டுன்னு நான் சந்தோஷப்பட்டதுல அந்த ஒரு ரூம்ல மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு.

குறை இல்லாம இல்ல. மியூசியம் எல்லாம் சாயங்காலம் அஞ்சரைக்கு மூடிடுவாங்க, அதுக்கப்புறம் மால்ல ஈ ஓட்டலாம். லிங்கன் மெமோரியல் மட்டும் 24 மணி நேரமும் திறந்திருக்கும், ராத்திரி போங்க, பகல்ல போறதை விட பத்து மடங்கு மேல், மார்ட்டின் லூதர் கிங் 1963ல நின்னு பேசுன படில எழுத்து வெட்டி வச்சிருக்காங்க. சாப்பாடு மோசம், மியூசியம் கேன்டீன்ல ஒரு சாண்ட்விச் விலைக்கு வீட்ல ஒரு வாரம் சமைக்கலாம், நாங்க எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போயி புல்தரைல உக்காந்து சாப்பிட்டோம். மெட்ரோல சாப்பிடக் கூடாதுன்னு ரூல், அப்பா முறுக்கை எடுத்த உடனே எதிர்ல ஒரு பாட்டி பாத்த பார்வைல அது பையிக்குள்ளயே போயிடுச்சு. ஏர் அண்ட் ஸ்பேஸுக்கு நேரம் போட்ட ஃப்ரீ பாஸ் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும், நான் ஒரு நாள் லேட்டா பாத்து காலைல எடுக்க முடியாம மதிய ஸ்லாட்தான் கிடைச்சுது. பட்ஜெட் பாஸ் ஆகாம அரசாங்கம் ஷட்டவுன் ஆச்சுன்னா மியூசியமும் இழுத்து மூடிடும், 2019 ஜனவரில அப்படித்தான் ஆச்சு, அதனால நியூஸ் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

சான் ஃபிரான்சிஸ்கோ, ஆர்லாண்டோலாம் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. சான் ஃபிரான்சிஸ்கோக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஜூலைல போனேன், கோல்டன் கேட் பாலம் மூடுபனிக்குள்ள இருந்துச்சு, பாலம் இருக்குன்னு நம்பிட்டு வந்தேன். ஆர்லாண்டோ ஊரு இல்ல, டிக்கெட் கவுண்டர்.

டிசிக்கே திரும்பி வர்றேன். அங்க நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல ஹோப் வைரம் இருக்கு, 45 காரட்டுக்கு மேல, நம்ம கோல்கொண்டா பக்கம் தோண்டுனது, ஃபிரான்ஸ் ராஜா கைக்குப் போயி திருட்டுப் போயி கடைசில ஹாரி வின்ஸ்டன்னு ஒரு நகை வியாபாரி 1958ல மியூசியத்துக்குக் குடுத்தாரு. எப்படி அனுப்புனாரு தெரியுமா, பிரவுன் பேப்பர்ல சுத்தி ரிஜிஸ்டர் தபால்ல. தபால் செலவு 2 டாலர் 44 சென்ட், இன்ஷூரன்ஸோட சேத்து 145 டாலர் 29 சென்ட். இதைச் சொன்னதும் அப்பா வைரத்தை விட்டுட்டு அந்தக் கவர் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு. அது யூனியன் ஸ்டேஷன் பக்கத்துல தபால் மியூசியத்துல, அதுவும் ஃப்ரீதான். கடைசி நாள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரத்துல அங்க போயி, கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி வச்சு பத்து நிமிஷம் பாத்துட்டு, "ஸ்டாம்ப் எல்லாம் ஒழுங்கா கேன்சல் பண்ணிருக்கான்"னு சர்டிஃபிகேட் குடுத்தாரு. வெளிய வந்தா பார்க்கிங் மீட்டர் டைம் முடிஞ்சு வண்டில ஃபைன் சீட்டு. மூணு நாளைல ஊர் சுத்துனதுக்கு எங்க மொத்தச் செலவு அதான்னு அம்மா இன்னைக்கும் கணக்கு சொல்றாங்க.