கோல்ஃப் பேகை 'டீப் கிளீனிங்' கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சோபா, ஷூ, ஹேண்ட்பேக், கார் சீட் எதுவானாலும் புதுசு போல ஆக்கித் தருகிறோம் என்று போர்டு வைத்த கடைகள் மதுரையில் இப்போது ஏரியாவுக்கு ஏரியா வந்துவிட்டன. அப்படி ஒரு கடையில் என் கோல்ஃப் பேகைக் கொடுத்து, அது என்ன கதியில் திரும்பி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை, கமெண்டில் கேட்டாலும் சொல்லமாட்டேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு கடையில் அதே வேலை நடந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மதுரையில் இருந்துகொண்டு கோல்ஃபா என்று சிரிக்க வேண்டாம். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் தொற்றிக்கொண்டது, இப்போது கொடைக்கானல் போகும்போதெல்லாம் ஆடுகிறேன், அவ்வளவுதான். அங்கிருக்கும் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, 18 குழி, காட்டெருமை குறுக்கே வந்து நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். காலையில் புல் முழுக்கப் பனி ஈரம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேகைப் புல்லில் நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் அடிப்பாகமும் கால்களும் சொதசொதவென்று ஆகிவிடும். அந்த ஈரத்தோடு டிக்கியில் போட்டு மூடி, மலையிறங்கி வத்தலக்குண்டு, நிலக்கோட்டை தாண்டி மதுரை வெயிலுக்குள் வந்து சேரும்போது டிக்கிக்குள் ஒரே புழுக்கம். பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். என் பேகுக்கும் பிடித்தது, தோள்பட்டை அடியில் கருப்புப் புள்ளிகள், உள்ளே ஒரு மக்கிய வாடை. இதை வீட்டுக்குள் வைக்காதீங்க என்று மனைவி பால்கனிக்குத் தள்ளிவிட்டாள்.

மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த பேக் அது. கருநீல நைலான், ஓரங்களில் ரெக்சின், கால் விரித்து நிற்கும் ஸ்டாண்ட் பேக். விதிப்படி 14 கிளப்புக்கு, அதாவது பந்தை அடிக்கும் மட்டைக்கு, மேல் கொண்டுபோகக் கூடாது, இதில் அந்த 14-க்கும் தனித்தனியாகத் தடுப்பு உண்டு. மேலே மழைக்கு மாட்டும் ஹூட் தனி.

கடையில் இருந்த பையன் பேகைப் பார்த்ததும், "கிரிக்கெட் கிட்தானேண்ணே, நிறையப் பண்ணியிருக்கோம்" என்றான். கிரிக்கெட் இல்லை தம்பி, கோல்ஃப் என்றேன். "எல்லாம் ஒரே துணிதாண்ணே." எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று ஓனரிடமும் கேட்டேன். "கையால ஃபோம் வாஷ் மட்டும்தான் சார், மெஷினே கிடையாது, நிழல்ல காயவச்சு நாலு நாள்ல தந்துருவோம்" என்றார். ரேட் 900 ரூபாய். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு டோக்கன் எண் வந்தது, அவ்வளவுதான். மறுநாளே போன். "சார், ஜிப் ரன்னர் எல்லாமே போயிருச்சு, மாத்தணும், 350 ஆகும். கூடவே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் 600-க்குப் பண்ணிருவோம், இல்லன்னா வாஷ் பண்ணதே வேஸ்ட்." ஆக மொத்தம் 1,850. அதற்குள் பேகைப் பிரித்துப் போட்டுவிட்டோம் என்றும் ஒரு வார்த்தை, அதாவது இப்போது வேண்டாம் என்று சொன்னால் பிரித்த நிலையிலேயே வாங்கிக்கொள் என்று அர்த்தம். இந்தப் பேச்சு எல்லா ரிப்பேர் கடைக்காரர்களுக்கும் எப்படி ஒரே மாதிரி வாய்க்கிறது என்று தெரியவில்லை.

சொன்ன தேதி தள்ளிப்போய், தள்ளிப்போய், கடைசியில் பேக் வந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சென்ட் அடித்து, முன்பக்கம் பளபளவென்று இருந்தது. கவரைப் பிரித்துத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. பின்பக்கம் கருநீலம் போய்ச் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் சென்ட்டுக்கு அடியில் பிளீச்சிங் வாடை. நைலானுக்கு பிளீச்சிங் ஆகவே ஆகாது, நிறம் போவது மட்டுமில்லை, நூலே வலுவிழந்துவிடும். ரெக்சினில் அச்சடித்திருந்த எழுத்து பாதி அழிந்து, தொட்டால் பிசுபிசுத்தது, தின்னர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பாக்கெட்டைத் திருப்பினால் உள்பூச்சு பொடுகு போல உதிர்ந்தது. அடிப்பாகத்தைச் சாய்த்தால் உள்ளேயிருந்து தண்ணீர் வழிகிறது, இதைத்தான் நிழலில் காயவைத்தோம் என்கிறார்கள். தோள்பட்டை ஃபோமை அமுக்கினால் கை நனைந்தது. தையல் ஓரமெல்லாம் வெள்ளைக் கறை, அது உப்புத் தண்ணீரும் அலசப்படாத சோப்பும் சேர்ந்து காய்ந்தது, போர்த் தண்ணீரில் துணி துவைத்துப் பழகிய எந்த வீட்டிலும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட எரிச்சல், கால் விரியவில்லை. ஸ்டாண்ட் பேகின் சூட்சுமமே அடித்தட்டில்தான் இருக்கிறது. பேகைத் தரையில் வைத்து முன்னால் சாய்க்கும்போது அடித்தட்டு அமுங்கி, முதுகோடு ஓடும் கம்பியைத் தள்ளும், கம்பி மேலேயுள்ள கால்களை வெளியே உதைத்துத் தள்ளும். தண்ணீரை வடிய விட யாரோ அடித்தட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது கம்பியை அதன் குழியில் உட்காரவைக்காமலே முடுக்கியிருக்கிறார்கள். ஒரு கால் மட்டும் விரிந்தது, இன்னொன்று ஒட்டிக்கொண்டே நின்றது.

கையால் ஃபோம் வாஷ் என்ற கதை டெலிவரிக்கு வந்த பையனிடமே உடைந்தது. ஏன் தம்பி இவ்வளவு ஈரம் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஒத்தக்கடைப் பக்கம் வாட்டர் வாஷ் பண்ற இடத்துக்கு அனுப்புவாங்கண்ணே, கார் மேட்டோட சேர்த்து அடிச்சுருவாங்க" என்று அவன் பாட்டுக்குச் சொன்னான். கார் கழுவும் அழுத்தத் தண்ணீர்! அந்த வேகத்தில் தண்ணீர் பட்டால் ஃபோமுக்குள்ளும் தையலுக்குள்ளும் புகுந்துவிடும், ஜிப்புக்கு உள்ளே ஒட்டியிருக்கும் டேப்பையும் கிளப்பிவிடும். அப்புறம் எங்கே நிழலில் காய்வது, மொட்டை மாடி வெயில்தான். ரெக்சினிலும் உள்பூச்சிலும் இருக்கும் பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதையும் பொருள். அதனால்தான் உதிர்கிறது. உதிர்ந்த பூச்சை எந்த ஸ்ப்ரேயும் திருப்பிக் கொண்டுவராது.

600 ரூபாய் கோட்டிங்குக்கு வருவோம். ஒரு ஸ்பூன் தண்ணீரைத் துணிமேல் ஊற்றிப் பார்த்தேன். நல்ல நீர்விலக்கிப் பூச்சு என்றால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருளும். இங்கே ஊற்றிய இடத்திலேயே ஊறி இறங்கியது. முன்பக்கப் பளபளப்பு கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷ், விரலில் எண்ணெயாக ஒட்டியது. அது தூசியை இழுக்குமே தவிர மழையைத் தடுக்காது. துணிக்கென்றே விற்கும் நீர்விலக்கி ஸ்ப்ரே உண்டு, ஆனால் அதைச் சுத்தமாகக் கழுவி முழுசாகக் காய்ந்த துணிமேல் அடித்தால்தான் பிடிக்கும், ஈரத்தோடு இருக்கும் பேகில் அதையே அடித்திருந்தாலும் வீண்தான்.

ரன்னர் கதை இன்னும் அழகு. டவுன்ஹால் ரோடு பக்கம் பேக் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு ஜிப்பாக இழுத்துப் பார்த்தார். "இதுல ரெண்டுதான் புதுசு, மத்ததெல்லாம் பழசு, சோப்பு கட்டி அடைச்சிருக்கு. அந்த ரெண்டும் சைஸ் தப்பு, பல்லைத் தின்னுரும்" என்றார். ஒரிஜினல் ரன்னர் நல்ல கம்பெனி உருப்படி, அதைக் கழற்றிக்கொண்டு லேசான தகர ரன்னரைப் போட்டிருக்கிறார்கள். சரியான அளவு ரன்னர் இரண்டு போட்டு, மற்றதற்கு மெழுகு தேய்த்து, அடித்தட்டைக் கழற்றிக் கம்பியையும் உட்காரவைத்து அவர் வாங்கிய கூலி 150 ரூபாய். கோல்ஃப் பேகை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லையாம்.

ஹூட் வரவே இல்லை. கேட்டால், "நீங்க குடுக்கவே இல்ல சார்" என்று சாதித்தார் ஓனர். குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு படங்களைச் சேர்த்துப் போடுவது இந்தக் கடைகளின் வழக்கம். அன்று இரவு அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தால் என் பேக்! 'முன்' படத்தில் பக்கவாட்டுப் பாக்கெட்டிலிருந்து ஹூட் தொங்கிக்கொண்டிருக்கிறது. 'பின்' படத்தில் ஹூட் இல்லை, வெளுத்த பின்பக்கமும் இல்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்கே அனுப்பினேன். காலையில் பதிவு காணாமல் போயிருந்தது, அதுவும் நல்லதுக்குத்தான், அழித்ததையும் சேர்த்துப் புகாரில் எழுதிவிட்டேன்.

சேவைக்கு ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டோக்கனின் அடியில் 'சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல' என்று போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள், ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை எதிர்த்துக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலில் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 1915-இல் பதிவு செய்த விவரத்தை அனுப்பியதுமே ஓனரின் குரல் இறங்கிவிட்டது. கோட்டிங் காசு 600-ஐ ஜிபே பண்ணிவிட்டார். ஹூட்டுக்கும் வெளுத்ததற்கும் "பாத்துச் சொல்றேன் சார்" என்ற நிலையிலேயே நிற்கிறது.

இத்தனைக்கும் இந்த வேலைக்குக் கடையே தேவையில்லை. கிளப்பை எல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொரு பாக்கெட்டாகக் காலி செய்யுங்கள். பந்து, பந்தை ஏற்றி வைக்கும் 'டீ' ஆணி, நனைந்த கையுறை, எப்போதோ வைத்து மறந்த கடலைமிட்டாய், எல்லாம் வரும். தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் அடியில் கிடக்கும் மண்ணும் புல்லும் கொட்டும். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன் போதும். போர்த் தண்ணீர் வேண்டாம், கார்ப்பரேஷன் தண்ணீர் நல்லது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும், பேக்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தையல் ஓரத்துக்குப் பழைய டூத் பிரஷ். போன், வாட்ச் வைக்கும் வெல்வெட் பாக்கெட்டை ஒற்றி மட்டும் எடுங்கள். அப்புறம் சோப்பில்லாத ஈரத்துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும், இதைச் சோம்பல்பட்டு விட்டால் வெள்ளைக் கறை நிச்சயம்.

பூஞ்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு, புள்ளிகள்மேல் ஒற்றி அரைமணி நேரம் விட்டுத் துடைக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள், காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் மூக்குக்குள்தான் போகும். வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டு, தலைகீழாகச் சாய்த்து, ஃபேனுக்கு அடியில் ஒரு நாள் முழுக்க, ஃபோம் ஈரமாக இருந்தால் இன்னும் கூடவே விடுங்கள். ஜிப்புக்கு மெழுகுவர்த்தி, வெல்க்ரோவில் சிக்கிய முடியை எடுக்க ஊசி. கால் மூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண் ஒட்டிக்கொண்டு பிறகு இறுகும். கொடையிலிருந்து இறங்கினால் அன்றைக்கே பேகை டிக்கியிலிருந்து எடுத்து நிமிர்த்தி, ஜிப்பைத் திறந்து வையுங்கள், முக்கால்வாசிப் பூஞ்சை வராமலே போகும்.

முடியவே முடியாது, கடையில்தான் கொடுப்பேன் என்றால், கழுவும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேறு இடத்துக்கு அனுப்புவோம் என்று இழுத்தாலே பேகைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுக்கும்போது நான்கு பக்கமும், உள்ளேயும், ரன்னரையும் அவர்கள் முன்னாலேயே படம் எடுத்து, டோக்கன் வந்த அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், ஹூட், பெல்ட் எல்லாம் எழுத்தில் வரட்டும். திரும்ப வாங்கும்போது கவரைக் கடையிலேயே பிரித்து, சாய்த்துப் பார்த்து, காலை விரித்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

மனுவுக்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். மதுரையில் இதே மாதிரி பேகோ, சோபாவோ, கார் சீட்டோ பாழாகி, வாட்ஸ்அப் பேச்சையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். அப்புறம், கருநீலத்தில் வெள்ளை ஓரம் வைத்த கோல்ஃப் ஹூட் தனியாக எங்காவது விற்பனைக்கு வந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உள்பக்க லேபிளில் மச்சான் பேனாவால் எழுதிய என் இனிஷியல் இருக்கும்.