‘இப்பத்தான் இன்ஜின் வேலை பார்த்தது’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

பழைய டிராக்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும், கையில் இருக்கும் பழைய வண்டியைப் பட்டறையில் விடப் போகிறவர்களும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நான் வாங்கியது மூன்று சிலிண்டர் வண்டி. வயதான வண்டிதான், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இரும்பு நன்றாக இருந்தால் பழைய வண்டி இன்னும் பல காலம் உழும். விற்றவர் சொன்னது ஒரே வார்த்தை: “இப்பத்தான் இன்ஜின் வேலை பார்த்தது, நீங்க டீசல் ஊத்தி ஓட்டினா போதும்.” வேலை பார்த்த பட்டறைக்காரரும் அதையே சொன்னார். புதுப் பெயின்ட், கழுவித் துடைத்த இன்ஜின், சாவியைத் திருப்பியதும் ஒரே எடுப்பில் ஸ்டார்ட். பிறகுதான் தெரிந்தது, நான் போய்ச் சேருவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடாக வைத்திருக்கிறார்கள்.

வயலில் இறக்கி உழ ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைந்துவிடும். அதே பட்டறைக்குக் கொண்டுபோனேன். “பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும், கெட்டி ஆயில் ஊத்துனா சரியாயிடும்” என்று சொல்லி ஆயிலை மாற்றிவிட்டார். விளக்கு நின்றது. காசும் வாங்கிக்கொண்டார். கெட்டி ஆயில் பிரஷரைத் தூக்கிக் காட்டும், ஆனால் தேய்ந்த பேரிங்கைத் தேய்ந்தபடியேதான் விட்டுவைக்கும். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகள் அந்த ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும். மறைப்பதற்காகச் செய்த காரியம் அது.

அடியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டபிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. டீசல் இன்ஜின் வேலையிலேயே வயதான ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. “தம்பி, முதல்ல சம்பைக் கழட்டுவோம். சத்தத்தோட ஓட்டிக் காட்டி கிராங்கையும் போக்கிக்க வேணாம்” என்றார். சம்ப் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி, கிராங்க் என்பது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு.

சம்ப் இறங்கியது. கேஸ்கட் வைக்க வேண்டிய இடத்தில் சிலிகான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது கண்ணில் பட்டால் துடைத்துவிடலாம், உள்ளே பிதுங்கியதை யார் பார்க்கப் போகிறார்கள்? உள்ளே பிதுங்கியது புழு புழுவாக அறுந்து ஆயிலில் விழுந்து, பம்ப்பின் வலைச் சல்லடையில் போய் ஒட்டியிருந்தது. பெரியவர் சல்லடையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பாதிக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. அந்த மிச்ச ஓட்டை வழியாகத்தான் மொத்த இன்ஜினுக்கும் ஆயில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்டின் மூடியைக் கழற்றினார். கிராங்கைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடான பேரிங் ஷெல்லை விரலால் தள்ளியதும் அதன் முதுகிலிருந்து மெல்லிய தகரத் தாள் ஒன்று சுருண்டு விழுந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். கிராங்க் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து அரைக்க வேண்டும். ஒரு இஞ்சில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது என்று படிப்படியாக அரைப்பார்கள். எந்த அளவுக்கு அரைத்தோமோ அதே அளவு ஷெல் போட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, அரைக்காமல் பழைய அளவு ஷெல்லையே போட்டு, லூஸ் தெரியாமல் இருக்க முதுகில் தாள் வைத்திருக்கிறார்கள். ஷெல் ராட்டின் உடம்போடு அப்பிப் பிடித்து உட்கார்ந்தால்தான் சூடு அதன் வழியாக இறங்கும். நடுவில் தாள் இருந்தால் பிடிப்பும் இல்லை, சூடும் இறங்காது. ஒருநாள் ஷெல் சுழன்று ஆயில் துளையை மூடிவிடும். அதோடு கிராங்க் காலி. இன்னொரு ராட்டில் மூடியின் ஓரத்தையே அரத்தால் ராவியிருந்தார்கள். அதனால் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தது. அதை லேத்தில் கொடுத்துத் திரும்ப வட்டமாக்கித்தான் போட முடிந்தது. முதலிலேயே ஒழுங்காக அரைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட இது பெரிய செலவு.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தெரியாமல் செய்த வேலை இல்லை இது. தாளை அளவாக வெட்டி வைக்கத் தெரிந்த கைக்கு, அது எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும்.

மேலே வந்தால், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூடு காலி. “வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டிட்டா இன்ஜின் கூலா ஓடும்” என்று பல மெக்கானிக்குகள் இன்றும் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். டீசல் இன்ஜின் ஓடவேண்டிய சூட்டில் ஓட வேண்டும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், டீசல் முழுதாக எரியாது, கரி கட்டும், சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் தேயும், ஆயிலும் கெடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால்தான் வண்டி சூடேறாமல் ஓடுகிறது என்றால், கோளாறு ரேடியேட்டரிலோ ஹெட் கேஸ்கட்டிலோ வாட்டர் பம்ப்பிலோ இருக்கிறது. அதைப் பார்க்காமல் தட்டிக்கழிக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிளாக்கின் பக்கவாட்டில் பெயின்டைச் சுரண்டியபோது விரல் நீளத்துக்கு எம்சீல் அப்பியிருந்தது. அடியில் விரிசல். பக்கத்திலேயே சாதா ராடு வைத்து வெல்டிங் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அந்த வெல்டை ஒட்டி இன்னொரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. வார்ப்பிரும்பைப் பதமாகச் சூடேற்றாமல், அதற்குரிய நிக்கல் ராடு இல்லாமல் பற்றவைத்தால் ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி, ஆறும்போதே பிளக்கும். இப்போது அந்த இடத்தில் துளையிட்டு, மரை போட்டு, ஊசிகளைத் தொடர்ச்சியாக இறக்கித் தையல் போட்டிருக்கிறோம். சூடு வைக்காத வேலை என்பதால் பக்கத்தில் புது விரிசல் வராது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஈரம் இல்லை.

போல்ட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பழைய வண்டிகளில் மரை இஞ்ச் அளவு. அதில் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அங்கே 12 மில்லிமீட்டர் போல்ட்டை விட்டால் உள்ளே போகும், டைட் ஆன மாதிரியும் இருக்கும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். இரண்டு தடவை கழற்றி மாட்டினால் மரை முழுக்கப் போய்விடும். எந்த போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாததை ஸ்பேனர் வைத்து ஏற்றும் ஆளிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மரை போன இடத்தில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டு ஒழுங்காக மீட்க முடியும். எம்சீலில் குழைத்து போல்ட்டை நட்டுவைப்பது வேலை ஆகாது.

இதெல்லாம் காசு போகும் விஷயம். இனிச் சொல்லப்போவது உயிர் போகும் விஷயம்.

ஸ்டீயரிங் ராட்டின் பால் ஜாயின்ட்டில், நட்டு கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின் போட வேண்டிய துளையில் ஆணியை மடக்கி விட்டிருந்தார்கள். இன்னொரு பக்க ஜாயின்ட்டில் லூஸை எடுக்க மேலே வெல்டிங். சூடு பட்ட ஜாயின்ட்டின் உள்ளே கிரீஸும் இருக்காது, உருண்டையின் கடினமும் போயிருக்கும். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ரோட்டில் போகும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக்கில் இடது பக்க லைனிங் முழுக்க ஆயிலில் நனைந்திருந்தது. ஆக்சிலில் ஆயில் சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் லைனிங்கை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுத்தது இதனால்தான்.

வயரிங்கில் பேட்டரியிலிருந்து நேராக ஹெட்லைட்டுக்கு ஒரு ஒயர், நடுவில் ஃபியூஸ் இல்லை. அதை டீசல் பைப்போடு சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். உரசி உரசி ஒயரின் தோல் ஒரு இடத்தில் உரிந்து செம்பு தெரிந்தது. வண்டியின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வின் மேல் மூடியை அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தத் தண்டு சுற்றும் 540 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 540 சுற்று) என்றால் ஒரு நொடிக்கு 9 சுற்று. வேட்டியோ துண்டோ புடவையோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. போதாததற்கு டீசல் பம்ப்பின் முத்திரையை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பி இன்ஜின் வேகத்தையும் ஏற்றியிருந்தார்கள், பவர் குறைந்தது தெரியாமல் இருக்க.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. முன்கூட்டிச் சொல்லாமல் வண்டியைப் பார்க்கப் போங்கள், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சூடாக இருந்தால் காத்திருங்கள், இல்லை இன்னொரு நாள் வாருங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் வெளுத்துக் குழம்பியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கோ லைனரோ போயிருக்கிறது. நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, பிறகு ஐட்லிங்கில் ஆயில் பிரஷரைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை வண்டி ஆறியபிறகு மட்டும் திறங்கள். பழைய வண்டியில் புதுப் பெயின்டைப் பார்த்தால் சந்தோஷப்படாமல், கேஸ்கட் ஓரத்திலும் போல்ட் தலையிலும் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வேலைக்கு விடுகிறவர்கள், ‘மொத்தம் இவ்வளவு’ என்று எழுதிய துண்டுச் சீட்டை வாங்காதீர்கள். என்னிடம் இருந்தது அதுதான், அதை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியவில்லை. எந்தெந்தச் சாமான், கிராங்க் எந்த அளவுக்கு அரைத்தது, எந்த அளவு ஷெல் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஷெல், ரிங், கேஸ்கட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சம்பை மூடும் முன் கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். அந்தப் பெரியவர் நான் கேட்காமலே ஒவ்வொன்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

தகரத் தாளையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். “நான் போட்டதுன்னு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். விற்றவர் போனையே எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு சேஃப்டி சுவிட்ச் உண்டு. என் வண்டியில் அதன் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ஒன்றாக்கியிருந்தார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் நின்றபடி யாராவது சாவியைத் திருப்பினால் வண்டி அவர்கள் மேலேயே ஏறும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த தடவை வண்டியை எடுப்பதற்கு முன், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அந்த ஒயர்களைத் தேடிப் பாருங்கள். முறுக்கியிருந்தால் சுவிட்சை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம், வீட்டில் வேறு யார் அந்த வண்டியை எடுப்பவர்களோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.