நிப்பானா, ஃப்ரண்டா?

ஜப்பானை வெளிநாட்டாருக்குக் காட்டுவதற்கென்றே வந்த படப் பத்திரிகைகளில் 'நிப்பான்', 'ஃப்ரண்ட்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிப்பான் 1934 அக்டோபரில் தொடங்கி 1944 வரை வந்த காலாண்டிதழ். ஃப்ரண்ட் 1942 முதல் 1945 வரை வந்தது. வேர் என்னவோ ஒன்றுதான். ஜெர்மனியில் தொழில் கற்று வந்த நடோரி யோனோசுகே 1933இல், பின்னாளில் நிப்பானை வெளியிட்ட 'நிப்பான் கோபோ' என்ற குழுவைத் தொடங்கியபோது, புகைப்படக்காரர் கிமுரா இஹெய்யும் வடிவமைப்பாளர் ஹரா ஹிரோமுவும் கூடவே இருந்தார்கள். இந்த இருவரும் அடுத்த வருடமே பிரிந்துபோனார்கள். பின்னாளில் ஃப்ரண்டுக்கு உருவம் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

அச்சு நேர்த்தி, பக்க அளவு, மொழிகளின் எண்ணிக்கை என்று பார்த்தால் ஃப்ரண்ட் முந்திவிடும். ஏ3 அளவுப் பக்கங்கள். கடற்படையைப் பற்றிய அதன் இதழ் மட்டும் 15 மொழிகளில் வந்தது. 'கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்' என்ற ரஷ்யப் பத்திரிகைதான் ஃப்ரண்டுக்கு முன்மாதிரி. பணம் ஜப்பானிய ராணுவத்துடையது. பக்கத்தை விரித்தால் டாங்கிகள் அணி அணியாக வரும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒட்டுவேலை பிடிபடும். படங்களை வெட்டிச் சேர்த்துப் படையைப் பெருக்கியிருக்கிறார்கள். அசந்துபோவோம், சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர்கூட மனதில் நிற்பதில்லை.

நிப்பானில் நிற்கிறார்கள். 1935இல் நிப்பான் கோபோவில் சேர்ந்த புகைப்படக்காரர் டோமோன் கென், டோக்கியோவின் மெய்ஜி கோயிலுக்கு 'ஷிச்சி-கோ-சான்' வேண்டுதலுக்காக வந்த குழந்தைகளைப் படமெடுத்தார். மூன்று, ஐந்து, ஏழு வயதில் புத்தாடை உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் அது. நம் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டது போல இருக்கும். ஒரு நாட்டின் பண்பாட்டை அயலாருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக நிப்பானைப் பச்சைப்பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்துக்கொண்ட விவகாரத்தில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தை விட்டு ஜப்பான் வெளியேறியது 1933இல். அடுத்த ஆண்டே இந்தச் சாந்தமான முகம் வருகிறது. 1937இல் சீனப் போர் மூண்ட பிறகு போர்ப் பிரசாரமும் பக்கங்களில் ஏறிவிட்டது. அதனால் நான் சிபாரிசு செய்வது நிப்பானின் முதல் மூன்று வருட இதழ்களை. மறுபதிப்பு கிடைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஃப்ரண்டை அப்புறம் பார்க்கலாம், வடிவமைப்புப் பாடமாக.