பிளமெங்கோ கிட்டார்: புத்தகமா, வீடியோவா?

புதுச்சேரியில் ஸ்பெயின் நாட்டு இசையான பிளமெங்கோவைப் பழக ஆசைப்படும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: புத்தகம் ஒருமுறை வாங்கினால் போதும். வீடியோவுக்குப் பெரும்பாலும் மாதச் சந்தா; இலவசமானவை வரிசையில்லாமல் சிதறிக் கிடக்கும்.

நீடித்து உழைப்பது: கடற்கரை ஈரத்தில் என் புத்தகம் நமுத்த அப்பளமாகிவிட்டது. ஆனால் கரண்ட் போன இரவில் கைகொடுத்ததும் அதுதான்.

விரல்: ரஸ்கேயாதோ என்னும் மீட்டல் முறையில் சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள் விசிறிபோல ஒவ்வொன்றாக விரிய வேண்டும். புத்தகத்தில் அதற்குப் போட்டிருக்கும் அம்புக்குறியை எவ்வளவு முறைத்துப் பார்த்தும் எனக்கு வரவில்லை. வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்ட அன்றுதான் பிடிபட்டது.

தாளம்: சோலேயா என்னும் பிளமெங்கோ வகைக்கு ஒரு சுற்றில் 12 அடி, அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். புத்தகத்தைப் பார்த்துக் கைதட்டிப் பழகுங்கள். ஆதிதாளம் போட்ட கை முதலில் தடுமாறும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு வீடியோ. கிளாசிக்கல் கிட்டார் ஏற்கெனவே வாசிப்பவர் என்றால் புத்தகம், அப்புறம் ரஸ்கேயாதோவுக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா.