பெல்லட் ஸ்டவ் குழாயில் தீப்பொறி பறக்கிறதா? "அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

ஏற்காடு பக்கம் வீடு வைத்திருந்து, குளிருக்காக பெல்லட் ஸ்டவ் (அழுத்திய மரத்தூள் உருளைகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) வாங்க நினைப்பவர்களும் ஏற்கெனவே வாங்கியவர்களும் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். போன நவம்பரில் சேலத்தில் ஒரு கடையில் வாங்கி மாட்டினோம். ஸ்டவ், குழாய், மாட்டிய கூலி எல்லாம் சேர்த்து 1,74,000 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு மாதம் எப்படிப்பட்ட ஆபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம் என்று தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எங்கள் வீடு நாகலூர் போகும் வழியில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல் சுவர் வைத்த பழைய ஓட்டு வீடு. மூன்று பக்கமும் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. அம்மாவுக்கு வீசிங் உண்டு. பழைய கணப்பில் விறகு மூட்டினால் அந்தப் புகையிலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஹீட்டருக்கு மலையில் வோல்டேஜ் போதாது. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை ஸ்டவ்வே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரிக்கும், புகையை ஒரு ஃபேன் இழுத்து வெளியே தள்ளிவிடும், வீட்டுக்குள் புகையே வராது என்று கடைக்காரர் சொன்னார். அது பொய் இல்லை. ஒழுங்காக மாட்டினால் அப்படித்தான் வேலை செய்யும், இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் வேலை செய்கிறது. மாட்டிய விதத்திலும் விற்ற பெல்லட்டிலும்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

மாட்ட இரண்டு பையன்கள் மத்தியானம் வந்தார்கள். பனி இறங்குவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று வந்ததிலிருந்தே அவசரம். கல் சுவரைத் துளைக்க நேரமாகும் என்று சொல்லி, ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் ஒரு பிளைவுட் துண்டை அடித்து, அதில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே விட்டார்கள். வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது, நேராகக் காப்பிக் களத்தைப் பார்த்தபடி. "இது சரியா தம்பி, மரத்துல உரசிட்டு நிக்குதே?" என்று கேட்டேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான் மேடம் மாட்டறோம்" என்றார். நாலரை மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். கையேடு கேட்டேன், அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இன்று வரை வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி, தோட்டத்துக்குக் காவல் இருக்கும் தம்பி கதவைத் தட்டினார். "அக்கா, கொழாயில இருந்து மத்தாப்பு மாதிரி கொட்டுதுங்க்கா." விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். குழாயின் வாயிலிருந்து சிவப்புப் புள்ளிகள் ஒன்றிரண்டாகப் பறந்து வந்தன. சில காற்றிலேயே அணைந்தன. சில தரையில் விழுந்து, ஐந்தாறு எண்ணுகிற வரைக்கும் கனன்றன. உள்ளே புதிதாகப் பெல்லட் விழும்போதெல்லாம் நாலைந்து சேர்ந்து வந்தன.

காலையில் கடைக்குப் பேசினேன். "புது ஸ்டவ்வு மேடம், ஒரு மாசம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் செட் ஆயிரும்." வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. ஜனவரியில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்த நேரம், ஒரு நாள் காலையில் களத்தில் மூடியிருந்த தார்ப்பாயைச் சுருட்டும்போது வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. எண்ணினேன், பதினோரு ஓட்டைகள். ஒவ்வொன்றும் மிளகு அளவு, ஓரம் உருகிக் கறுத்து உருண்டிருந்தது. பக்கத்திலேயே காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. பனியில் நனைந்திருந்ததால் பிடிக்கவில்லை. அதுவே பிப்ரவரி, மார்ச் என்றால் சில்வர் ஓக் இலை முழங்கால் அளவு காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் சேர்வராயன் மலைச் சரிவில் தீ ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

மறுபடியும் சண்டை போட்டதும் வழிக்கு வந்தார்கள். எப்படி என்றால், 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு குழாய் வாயில் ஒரு கம்பி வலை மூடியை மாட்டினார்கள். பொறி நின்றது. ஒன்பதாம் நாள் நெருப்பு சோம்பலாக, கருஞ்சிவப்பாக எரிய ஆரம்பித்தது. ஸ்டவ்வின் கண்ணாடி கறுத்துவிட்டது. வலை முழுக்கச் சாம்பல் அடைத்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் எரிந்துகொண்டிருந்த பெல்லட்டின் புகை அத்தனையும் அறைக்குள் திரும்பிவிட்டது. மணி இரண்டு. அம்மாவைக் கம்பளியோடு தூக்கி வராந்தாவில் உட்கார வைத்து, இன்ஹேலரைத் தேடிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். கண் எரிச்சல் தெரிந்தது, இருமல் தெரிந்தது. நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன சித்தப்பா மறுநாளே மேலே வந்தார். வந்ததும் பில்லைக் கேட்டார். "எஸ்.எஸ். 304, டபுள் வால், 3 இஞ்ச், 5 மீட்டர்" என்று போட்டிருந்தது. அதாவது துருப்பிடிக்காத எஃகில், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு சுவர் வைத்த குழாய். அந்த எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. டபுள் வால் குழாயில் வெளிச்சுவர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஆக இருக்கலாம், அதனால் வெளியே ஒட்டுவதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்று சொல்லி, ஆறியபின் ஜாயின்ட்டைக் கழற்றினார். உள்சுவரே இல்லை. ஒற்றைத் தகரம். ஏசி டக்ட்டுக்குப் போடுகிற ஜி.ஐ. குழாய். அளந்தால் மொத்தமே ஒன்றரை மீட்டர்தான். ஜாயின்ட்டில் சூடு தாங்கும் சிலிக்கோன் பசை பூசவில்லை, அதனால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் புகை கசிந்து கறுப்புக் கோடு ஓடியிருந்தது. தினமும் அந்தப் புகையைத்தான் அம்மா சுவாசித்திருக்கிறார்.

அப்புறம் பிளைவுட்டைக் காட்டினார். குழாயைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மரம் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினார், கரியாக உதிர்ந்தது. சூடு படப் பட மரம் இப்படி உள்ளுக்குள்ளேயே கரியாகிக்கொண்டே போகும், அப்படிக் கரியான மரம் சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்றார். அதற்குப் பத்தடி தள்ளித்தான் எங்கள் கட்டில்.

பொறி ஏன் வந்தது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் கையேட்டை இறக்கிப் படித்தோம். 3,000 அடிக்கு மேல் இருக்கும் இடத்தில் 3 இஞ்ச் குழாய் கூடாது, 4 இஞ்ச் போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி. காற்று அடர்த்தி குறைவு, நெருப்பு மந்தமாக எரிந்திருக்கும். அதைச் சரிக்கட்ட அந்தப் பையன்கள் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து, ஃபேனையும் உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எரியும் கிண்ணத்தில் பெல்லட் குதித்துக் குதித்து எரிந்ததை நான் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். காற்று அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். கதவின் ரப்பர் மாதிரி இருக்கும் கயிறும் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது.

பெல்லட் இன்னொரு மோசடி. "வீட்டு ஸ்டவ் குவாலிட்டி" என்று கிலோ 32 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அரிசி சலிக்கும் சல்லடையில் ஒரு மூட்டையைச் சலித்தேன். 30 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 3 கிலோ தூள். எடையில்லாத அந்தத் தூள்தான் எரிந்தும் எரியாமலும் கங்காகிப் பறந்திருக்கிறது. கிண்ணத்தில் கண்ணாடிக்கட்டி மாதிரி இறுகிய சாம்பல் வேறு. விசாரித்தால், கடலைத்தோல் கலந்து ஆலை பாய்லருக்குச் செய்கிற பெல்லட் அது. வீட்டு அடுப்புக்கான முதல்தர மரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தரம். கடலைத்தோலில் அது பல மடங்கு.

இத்தனையையும் தாண்டி வந்த கங்கு ஆறுவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் குழாய் படுக்கையாக, குட்டையாக இருந்தது. இப்போது வேறு ஆளை வைத்து 4 இஞ்ச் டபுள் வால் குழாய் போட்டிருக்கிறோம். சுவரைத் துளைத்து, மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டு, வெளியே ஒரு டி (T) வடிவ ஜாயின்ட், அங்கிருந்து ஆறடி செங்குத்தாக மேலே. சாம்பலும் கங்கும் டி-யின் அடியில் விழுந்துவிடுகின்றன, மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தட்டிவிடுகிறோம். செங்குத்துக் குழாய் இருந்தால் கரண்ட் போனாலும் புகை ஓரளவு தானாக மேலே ஏறும். ஃபேனுக்குத் தனியாக ஒரு யூபிஎஸ், படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். மொத்தம் 58,000 ரூபாய் கூடுதல் செலவு. கம்பி வலையே தப்பு என்று சொல்லவில்லை. காட்டை ஒட்டிய வீட்டில் அது தேவைப்படலாம், ஆனால் அடிக்கடி கழற்றித் தேய்க்க வேண்டும் என்று அதை மாட்டுகிறவர் சொல்லியிருக்க வேண்டும். பொறி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வாயை மட்டும் அடைத்து அதற்கும் காசு வாங்கியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைக்காரரிடம் பில்லையும் கழற்றிய குழாயையும் காட்டினோம். "நீங்களே கழட்டிட்டீங்க, வாரன்டி போச்சு" என்றார். 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தோம், கடை பதிலே தரவில்லை. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தார்ப்பாய், கரியான பிளைவுட், ஒரு பை பெல்லட் தூள் எல்லாவற்றையும் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பெல்லட் ஸ்டவ் இருந்தால், இன்றைக்கு ராத்திரி வெளி விளக்கை அணைத்துவிட்டுக் குழாயின் வாயைப் பத்து நிமிடம் பாருங்கள். காலையில் ஸ்டவ் ஆறியபின் குழாயைச் சுற்றியுள்ள மரத்தை விரலால் அழுத்துங்கள். நிறம் மாறியிருந்தால் அதைச் சரிசெய்கிற வரை பற்ற வைக்காதீர்கள்.