லிஃப்ட் செய்த ஜிம்னிக்கு கேஸ்டர் கரெக்‌ஷன் புஷ்: நானே மாட்டி ஓட்டிப் பார்த்த கதை

வண்டியை 50 மி.மீ. உயர்த்திய அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரிய டயர் உரசாமல் சுற்றியது, பாறையில் அடிப்பாகம் தட்டவில்லை. மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறினேன். எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. லாரி ஒன்று எதிரே போனால் போதும், வண்டி ஒரு பக்கம் நகர்ந்துவிடும். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, நான்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை வலித்தது.

என்னுடையது மூன்றாம் தலைமுறை சுசுகி ஜிம்னி. முன்னாலும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை ஆக்ஸில்தான். அந்த ஆக்ஸிலை இரண்டு ஆர்ம்கள், அதாவது நீளமான இரும்புக் கைகள், பிடித்திருக்கின்றன. ஆர்மின் வால் பின்னால் வண்டியின் சட்டமான சேஸியில், தலை முன்னால் ஆக்ஸிலில், தலைப்பக்கம் இரண்டு போல்ட். உயரமான ஸ்பிரிங் போட்டதும் ஆக்ஸில் கீழே இறங்குகிறது, ஆர்மும் முன்பக்கம் தாழ்கிறது. ஆர்மோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்னோக்கிச் சுழன்றுவிடுகிறது. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பார்த்தால் இந்தச் சாய்வு தெரியும். இதற்குப் பெயர்தான் கேஸ்டர். என் வண்டியில் லிஃப்டுக்குப் பிறகு அலைன்மென்ட் தாளில் இடது 0.8 டிகிரி, வலது 0.6. கிட்டத்தட்ட நிமிர்ந்தே நின்றது.

அதற்குத்தான் இந்தப் புஷ் வாங்கினேன். ஆர்மின் தலையில் போல்ட் போகும் இரண்டு வட்டக் கண்களுக்குள் அழுத்தி மாட்டும் உருளைதான் புஷ். ஒரு செட்டில் நான்கு, ஆர்முக்கு இரண்டு. வெளியே இரும்பு உறை, உள்ளே பாலியூரித்தேன், போல்ட் போகும் துளை மட்டும் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருக்கும். 2.5 டிகிரி திருத்தும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பொருளின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உறை நல்ல கனம், நான்கிலும் துளை ஒரே அளவு தள்ளி இருந்தது, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஆனால் கூட வந்த தாளில் ஒரே ஒரு படம்தான், அதுவும் எது முன், எது பின் என்று குறிக்காமல். முழு வேலையும் திசையில்தான் இருக்கிறது என்னும்போது அதை விட்டுவிட்டது பெரிய தவறு.

அதனால் திசையை இங்கே எழுதிவிடுகிறேன். ஆக்ஸிலின் முன்பக்கம் மேலே எழும்ப வேண்டும், பின்பக்கம் தாழ வேண்டும். ஆகவே முன் புஷ்ஷில் துளை மேலே, பின் புஷ்ஷில் துளை கீழே. மாற்றிப் போட்டால் இருக்கிற கொஞ்சக் கேஸ்டரும் போய்விடும்.

பழைய புஷ்ஷைக் கழற்றுவதுதான் நாள் முழுக்க இழுத்தது. துருப்பிடித்து ஆர்மோடு ஒட்டிப்போயிருந்தது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் ரப்பர் மட்டும் பிய்ந்து வந்தது, உறை அசையவில்லை. ரப்பரைத் தீயில் எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை உடம்புக்குக் கேடு, நான் அதைச் செய்யவில்லை. ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு உறையில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டேன். உறையின் கனம் முடிகிற இடத்தில் பிளேடின் சத்தம் மாறும். அங்கே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்மின் கண்ணிலேயே கீறல் விழும். வெட்டியதும் உளியால் ஒரு தட்டு, உறை சுருங்கிக் கழன்று வந்தது.

புதியதை அழுத்துவதற்கு முன் ஆர்மின் இரண்டு கண்களின் மையத்தையும் சேர்த்து வெள்ளை பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போட்டேன். துளை அந்தக் கோட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக மேலேயும் கீழேயும் வர வேண்டும். முதல் புஷ் உள்ளே போகும்போது சற்றுத் திரும்பிவிட்டது, நான் கவனிக்கவில்லை. திரும்பினால் இரண்டு துளைக்கும் இடையிலான தூரம் மாறிவிடும். இரண்டாவது போல்ட் பாதியில் நின்றது. சுத்தியலால் அடித்து ஏற்றிவிடலாம் என்றுகூடக் கை போனது. வேண்டாம் என்று கழற்றி, புஷ்ஷை வெளியே தள்ளி, மறுபடி அழுத்தினேன். அப்புறம் போல்ட் விரலாலேயே உள்ளே போயிற்று.

ஒரு ஆர்மை மட்டும் முதலில் மாட்டுங்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக் கொடுத்த பிறகு. மறுபக்க ஆர்ம் பழைய நிலையில் ஆக்ஸிலைப் பிடித்திருப்பதால், புதிய புஷ் போட்ட ஆர்மின் வால் சேஸி பிராக்கெட்டில் போய் உட்காராது. என் வண்டியில் மூன்று சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. வால் பிராக்கெட்டுக்கு மேலே நின்றால் திசை சரி, கீழே தொங்கினால் தலைகீழ். பிறகு அடுத்த ஆர்மையும் முடித்து, இரண்டு வாலையும் ராட்செட் பெல்ட் போட்டு இழுத்தேன், ஆக்ஸில் மெல்லச் சுழன்று வந்து உட்கார்ந்தது. வால்பக்கம் பழைய ரப்பர் புஷ்தான் என்பதால், சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் அதை இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழிந்துவிடும்.

அலைன்மென்டில் இப்போது இடது 3.1, வலது 2.9. பெட்டியில் சொன்னதைவிட ஒரு நூலளவு குறைவு, போதும். அதே சாலை, அதே வேகம். ஸ்டீயரிங் கனம் கூடியிருக்கிறது, வளைவு முடிந்ததும் தானே நேருக்கு வருகிறது. லாரி கடந்தால் வண்டி லேசாக அசைந்து அப்படியே போகிறது. வீட்டில் எல்லாரும் ஏறி ஒரு நீண்ட பயணம் போனோம், இறங்கியபோது தோள்பட்டை தோள்பட்டையாக இருந்தது.

விலையாகக் கொடுத்தவையும் உண்டு. ஆக்ஸில் சுழன்றதால் டிஃபரன்ஷியலின் பினியன் மூக்கு கீழே இறங்கியிருக்கிறது, அதில் வந்து சேர்ந்து முன் ஆக்ஸிலைச் சுற்றவைக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்டில் கோணம் கூடிவிட்டது. இரு சக்கர ஓட்டத்தில் முன் சக்கரங்களின் ஹப் விடுபட்டு அந்த ஷாஃப்ட் சுற்றுவதில்லை என்பதால் ஒன்றும் தெரியாது. நான்கு சக்கர ஓட்டத்தில் வேகம் கூட்டினால் தரையில் மெல்லிய அதிர்வு வருகிறது. இன்னொன்று, பாலியூரித்தேன் ரப்பரைப் போல வளைந்து கொடுக்காது. ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது எதிர்ச்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழுகிறது. பாறைதான் உங்களுக்கு முக்கியம் என்றால், அல்லது லிஃப்ட் 50 மி.மீ.க்கு மேல் என்றால், புஷ் வாங்காதீர்கள். கோணம் திருத்திச் செய்த ஆர்மே கிடைக்கிறது, அதற்குப் போங்கள்.

லிஃப்டில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகர்ந்ததையும் இந்தப் புஷ் சரிசெய்யாது, அது ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் வேலை. சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்து ஸ்டீயரிங் ஆடினாலும் இதனால் பயன் இல்லை. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டம் இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

500 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். இடது பக்கப் பின் போல்ட் மட்டும் கால் சுற்று ஏறியது. இறுக்கி, நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டுவைத்தேன். 6,000 கி.மீ. ஆகிறது, கோடு இன்னும் நேராகவே இருக்கிறது.